கடைசித் தட்டு

திரையில் படம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கோடு, கொஞ்சம் நின்று அடுத்த கோடு, யாரோ அவசரமில்லாமல் பாய் முடைகிற மாதிரி. ஆவுடையம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் அப்படித்தான் சொல்வார்கள், மேடம் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. அவளுக்கு இடது கால் மரத்துப்போயிருந்தது. நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்து மறந்துபோன கால். எடுத்து நீட்ட வேண்டும் என்று நினைத்தாள், நினைத்ததோடு விட்டுவிட்டாள். ஆராய்ச்சிக் கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. மேல் மாடியில் வைத்தால் சாலையில் லாரி போனாலும் கருவி ஆடும். கண்ணாடித் தட்டில் உட்கார்ந்திருக்கும் ஒற்றைச் செல்லின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற இடத்தில் ஒரு தும்மல்கூடப் பூகம்பம்தான். அதனால் இங்கே ஜன்னல் கிடையாது, வெயில் கிடையாது, ஏசியின் முனகல் மட்டும் உண்டு. வரும்போது லிஃப்டில் பக்கத்துத் துறைக்காரர் ஒருவர், "கேள்விப்பட்டேன் மேடம், தம்பியாமே, ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். "தேங்க்ஸ்" என்றாள். லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான், சாவுக்கா தேங்க்ஸ் சொன்னோம் என்று தோன்றியது. தோன்றியதே தவிர ஒன்றும் ஆகவில்லை, ஈ உட்கார்ந்து பறந்த மாதிரி. வேறு என்ன சொல்வார்கள்? ஆமாம் என்பார்களா? சரி என்பார்களா? எல்லோரும் இதற்கென்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் அதை யாரும் சொல்லித் தரவில்லை என்பதுபோல் இருந்தது.

இந்தக் கருவி செல்லுக்குச் சாயம் ஏற்றாது. மற்ற நுண்ணோக்கிகளில் உள்ளே இருப்பது தெரிய வேண்டுமானால் சாயம் ஏற்றி ஒளிரவைக்க வேண்டும், சாயமே சில சமயம் செல்லுக்கு விஷம். இங்கே தட்டின் அடியில் மெல்லிய உலோகப் பூச்சு, அதன்மேல் செல். ஒளி ஒரு கணத்தின் மிகச் சிறிய துணுக்கு நேரம் பூச்சைத் தட்டும். தட்டியதும் பூச்சு சூடாகி விம்மும், அந்த விம்மல்தான் சத்தம். அது செல்லுக்குள் ஏறி மேலே போகும், கெட்டியான இடத்தில் வேகமாக, இளகிய இடத்தில் மெதுவாக. இன்னொரு ஒளி பின்னாலேயே போய் அது எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கண்டுபிடிக்கும். தம்பி சங்கருவிடம் இதைச் சொன்னபோது அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் தொடையில் இருந்த கட்டியை எடுக்கப் போகிறார்கள். "வெளிச்சத்த வச்சி அடிச்சா சத்தம் வருமாக்கா? கத விடாத" என்றான். சங்கரன்கோவிலைச் சுற்றி எந்த ஊரில் சடங்கு, கல்யாணம், கோயில் கொடை என்றாலும் அவன் ரேடியோ செட்தான். ஒலிபெருக்கிகளின் நடுவிலேயே வளர்ந்து இடது காது மந்தம் அவனுக்கு. "தர்பூசணிக்காரன் தட்டிப் பாப்பாம்லா, உள்ள பழுத்திருக்கா இல்லையான்னு. அதாண்டா இது." "அந்தச் சத்தம் கேக்குமா?" "கேக்காது. நம்ம காதுக்கு எட்டாத சத்தம்." "கேக்காத சத்தத்துக்கு எவன் அட்வான்ஸ் குடுப்பான்?" என்று சிரித்தான். ஒரு சுளையை நீட்டினான். வாங்கினாளா, வேண்டாம் என்றாளா? வாங்கியிருப்பாள். சாத்துக்குடியின் புளிப்பு நாக்கில் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. பிறகு அவன், "பெரிய டாக்டரு கேட்டாரு, எடுக்குற கட்டில கொஞ்சம் ஆராச்சிக்குக் குடுக்கியான்னு. ஒன் எடத்துக்குத்தான் போவுமாம்லா. குடுக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். சும்மா குப்பைக்குப் போறத நீயாவது பாரு" என்றான். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததா? வந்தது. அவன் மனைவி மாரிச்செல்விகூடக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "பேசுத பேச்சப் பாருங்க மதினி" என்றாள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு மாதிரிதான் வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும். செல் வளர்க்கிற பொறுப்பு நிலோஃபருடையது. பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து, "தொடைத் திசு, ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்றாள். ஆவுடை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே அதைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், சொந்தக்காரர் உடம்பில் வேலை செய்யக் கூடாது. சொல்லாமலிருக்க வேண்டும் என்று முடிவெடுத்ததாகவும் நினைவில்லை. நிலோஃபர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள், வேறு ஏதோ பேச்சு வந்தது, அந்த நேரம் போய்விட்டது. அப்புறம் செல்கள் பிடித்துக்கொண்டன. தட்டின் அடியில் ஒட்டி, நீண்டு, மீன் குஞ்சுகள் மாதிரி ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டன. "செம்மையா வளருது" என்று நிலோஃபர் ஒரு தட்டை இரண்டாக்கினாள், இரண்டை நாலாக்கினாள். ஊரில் அவன் இளைத்தான். கட்டியை எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன்பே அது நெஞ்சுக்கூட்டுக்குள் குடி போய்விட்டது. வீடியோவில் அவன் தெரியும்போதெல்லாம் கழுத்து நீண்டுகொண்டே வந்தது. இங்கே இவை கொழுத்தன. இவை அவன். இல்லை, இவை அவனைத் தின்றவை. ஆனால் தின்றவையும் அவன்தானே, வேறு எங்கிருந்து வந்தன, அவன் தொடையில் அவன் சோற்றில் வளர்ந்தவை. அவன் என்றால் எது? ரேடியோ செட் வைத்திருந்தது அவன். சுளையை நீட்டியது அவன். இது? இது உயிரோடு இருக்கிறது. உயிரோடு. அந்த வார்த்தைக்கு வந்ததும் மனம் முள்ளில் சிக்கிய சேலை மாதிரி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அவள் அதை இழுக்கவும் இல்லை. இழுத்தால் கிழியும். திரையில் இன்னொரு கோடு இறங்கியது.

செய்தி வந்தபோதும் இங்கேதான் இருந்தாள். போனாள். ரயிலில் பக்கத்து சீட்டுக் குழந்தைக்குப் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தாள், அது ஞாபகம் இருக்கிறது, பாக்கெட்டின் சிவப்பு நாடாகூட. வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி கட்டியிருந்தது வேறு ஆள், புளியங்குடிக்காரன். சங்கருவுக்கு ஆகாதவன், ஒரே கொடைக்கு இரண்டு பேரும் போட்டி போட்டவர்கள். அவன் தானாக வந்து கட்டிவிட்டு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தான். அவன்கூட அழுதான். பெண்கள் ஆவுடையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒன் தம்பியப் பாரு ஆவுட, ஒன் தம்பியப் பாரு" என்று அழுதார்கள். அவள் பார்த்தாள். தாடைக்கட்டு சரியாக இல்லை, ஒரு பக்கம் நழுவியிருந்தது, யாராவது சரிசெய்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். மாரிச்செல்வியும் அழவில்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரின் கண்ணும் ஒரு தடவை சந்தித்தது. வேற்றூர் பஸ் ஸ்டாண்டில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி. அவ்வளவுதான். அப்புறம் எடுத்துவிட்டார்கள், மேளம் தெருமுனை தாண்டிப் போனது. அவள் ரயிலேறித் திரும்பி வந்து, மறுநாள் காலையில் முதல் வேலையாக அடைகாப்புப் பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தாள். உடம்புச் சூட்டில், அதே பாகைச் சூட்டில், தட்டுகள் அடுக்கில் இருந்தன. நிலோஃபர் ஊற்றி வைத்த ரோஜா நிறத் திரவத்தில் அவை படுத்திருந்தன. ஊரில் எரித்தாகிவிட்டது. இங்கே சூடாக இருக்கிறது.

படம் பாதிக்கு வந்திருந்தது. செல்லின் ஓரம் மெல்லிய பாவாடை விளிம்புபோல் விரிந்து, உள்ளே போகப் போகத் தடித்தது. நடுவில் உட்கரு மேடாக எழும்பத் தொடங்கியிருந்தது. அதற்குள்ளும் இரண்டு கெட்டியான திட்டுகள். ஆனால் எல்லாம் பனியில் தெரிகிற மாதிரி மங்கலாகத்தான் இருந்தன. ஒளியைக் குறைத்து வைத்திருந்தாள். கூட்டினால் துல்லியம் வரும், சூடும் வரும், செல் தாங்காது. திட்டுகளைப் பார்த்துக்கொண்டே அவள் கை தன்னையறியாமல் தொடைக்குப் போய் அழுத்திப் பார்த்தது. இந்தப் பழக்கம் எப்போது வந்தது? பஸ்ஸில், குளிக்கும்போது, கூட்டத்தில் மேஜைக்கு அடியில். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே ரத்தம், ஒரே எலும்பு. ஏதாவது உருண்டையாகத் தட்டுப்பட்டால்? தட்டுப்படட்டும் என்று ஒரு குரல் வந்தது. அது பயப்படாத குரல். அந்தக் குரல்தான் அவளைப் பயமுறுத்தியது. மரத்துப்போன காலாதலால் அழுத்துவது விரலுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. வேறு யாருடைய காலையோ தடவுவதுபோல் இருந்தது. சங்கருவுக்குச் சின்ன வயதில் காலில் முள் குத்தினால் இவளிடம்தான் காலை நீட்டுவான், அம்மாவிடம் போனால் அடி விழும். ஊக்கால் எடுக்கும்போது வாயை இறுக்கிக்கொண்டு "வலிக்கலக்கா, வலிக்கல" என்பான்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் உள்ளே வரக் கூடாது. ஆனால் நிலோஃபர் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, இருட்டில் கண் பழகும்வரை நின்று, அப்புறம் அவள் தோளுக்குப் பின்னால் வந்து திரையைப் பார்த்தாள். "லோ பவர்லயா வச்சிருக்கீங்க?" என்றாள். ஆவுடை ஆமாம் என்று தலையசைத்தாள். "ஆவுடை, ஒரு விஷயம். மத்த தட்டெல்லாம் பூஞ்சை பிடிச்சிடுச்சு. உறைய வச்சதையும் எடுத்துப் பார்த்தேன், எழுந்திருக்கல. இதுதான் கடைசி." நிலோஃபர் தொடர்ந்தாள். "நீங்க இருக்கிற நிலைமைல சொல்லக் கூடாது, ஆனா சொல்லித்தான் ஆகணும். இதுவும் எப்படியும் கொஞ்ச நாள்ல போயிடும். போறதுக்கு முன்னாடி ஃபுல் பவர்ல ஒண்ணு எடுத்துடுங்க. நார் நாரா உள்ள இருக்கிறதெல்லாம் தெரியும், சாயம் இல்லாம உயிரோட இருக்கிற செல்லுல இவ்ளோ துல்லியமா இதுவரைக்கும் நாம எடுத்ததே இல்ல. செல் செத்துடும், ஆனா படம் நிக்கும்." படம் நிற்கும். உண்மைதான், இத்தனை வருஷம் இதற்காகத்தான் இந்த நிலவறை. அவள் கை சக்தியைக் கூட்டுகிற திருகின் மேல் போய் உட்கார்ந்தது. குளிர்ந்த சின்னத் திருகு. அவனே சொன்னானே, நீயாவது பாரு என்று. பார்க்கலாம். ஒரு விரல் திருப்பினால் போதும். திருப்ப வேண்டியதுதான். திருப்பாமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் அவளிடம் இல்லை. அவள் விரலைப் பார்த்தாள், விரல் அவளைப் பார்த்த மாதிரி இருந்தது. அப்போது தன் குரல் சொல்வதை அவள் கேட்டாள், ஏசி சத்தத்தோடு சத்தமாக, வெயிலைப் பற்றிச் சொல்வது மாதிரி. "நிலோஃபர், இது என் தம்பி."

நிலோஃபருக்கு முதலில் புரியவில்லை. "எது?" என்றாள். பிறகு திரையைப் பார்த்தாள், தட்டு இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள், ஆவுடையைப் பார்த்தாள். புரிந்ததும் கை வாய்க்குப் போனது. "இன்னா லில்லாஹி" என்று, சாவுக்குச் சொல்கிற வார்த்தையை ஆரம்பித்து மீதியை உதட்டுக்குள் முணுமுணுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. திரையின் வெளிச்சத்தில் அது மினுங்குவதை ஆவுடை வேடிக்கை பார்த்தாள். இவள் சங்கருவைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் மாதக் கணக்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, பழைய திரவத்தை எடுத்துப் புதியதை ஊற்றியவள் இவள்தான். "முதல்லயே சொல்லியிருக்கணும் நீங்க" என்றாள் நிலோஃபர் கடைசியில். கோபமாக ஆரம்பித்துப் பாதியில் கோபம் போய்விட்ட குரல். "இனிமே இத நாம தொடக் கூடாது. இதுவரைக்கும் எடுத்ததையும் நான் மேல சொல்லித்தான் ஆகணும்." "சொல்லுங்க." "அவங்க வீட்டுல தெரியுமா, இப்படி இங்க இருக்குன்னு?" "தெரியாது." "அவங்க ஒய்ஃப்?" ஆவுடை திரையைப் பார்த்தாள். "கேளுங்க ஆவுடை. வச்சுக்கிறதா வேணாமான்னு அவங்கதான் சொல்லணும். வேணாம்னா அழிச்சிடணும், அதான் முறை." நிலோஃபர் ஒளியை நிறுத்தினாள். திரையில் படம் பாதியிலேயே நின்றது, உட்கருவின் மேல் பாதி மட்டும், சூரியன் பாதி முங்கின மாதிரி. நிலோஃபர் தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வளர்ப்பறைக்கு நடந்தாள். ஆவுடை எழுந்தாள். இடது கால் தரையில் பட்டதும் ஆயிரம் எறும்பு ஏறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் போனாள்.

அடித்தளத்தில் சிக்னல் வளர்ப்பறையில் மட்டும்தான் கிடைக்கும். போனை எடுத்து மாரிச்செல்வியை அழைத்தாள். மணி அடித்தது. மாரிச்செல்வி எடுக்க மாட்டாள், தூங்குவாள் என்று நினைத்தாள். உடனே எடுத்தாள். "சொல்லுங்க மதினி." பின்னால் யாரோ பாத்திரம் துலக்கும் சத்தம். எப்படிச் சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். ஆஸ்பத்திரியில் எடுத்த கட்டியில் கொஞ்சம் இங்கே வந்தது, அதிலிருந்து வளர்த்தோம், இன்னும் இருக்கிறது, நான் இத்தனை நாளும் உன்னிடம் சொல்லவில்லை. பாத்திரச் சத்தம் நின்றது. மாரிச்செல்வி எழுந்து வேறு இடத்துக்குப் போயிருக்க வேண்டும், கதவு சாத்துவது கேட்டது.

"இருக்குன்னா? உசுரோடவா?"

"ஆமா."

"அவுகளோடதா?"

"அவனோடதுதான். அந்தக் கட்டி."

லைன் போய்விட்டதோ என்று ஆவுடை போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அதுக்குச் சாப்பாடு யாரு குடுக்கா மதினி?"

"இங்க ஒருத்தங்க இருக்காங்க. நிலோஃபர்னு."

"நல்லா திங்குதா?"

ஆவுடை மேடையில் இருந்த தட்டைப் பார்த்தாள்.

"கேக்கேன்லா, சொல்லுங்க. நல்லா திங்குதா?"

"திங்குது."

"அவுகளுக்குக் கடைசில ஒரு வாய்க் கஞ்சி எறங்கல மதினி. ஸ்பூன்ல ஊத்துதேன், கடவாய் வழியா ஒழுகுது. தொடச்சி தொடச்சி ஊத்துதேன். தண்ணி எறங்கல. இது மட்டும் அங்கன இருந்து திங்குதோ?" அவள் குரல் உயரவில்லை. தாழ்ந்துகொண்டே போனது, கிணற்றுக்குள் வாளி இறங்குவது மாதிரி. "அவுக போயிட்டாக. இது எதுக்கு மதினி? கொன்னுருங்க."

"மாரி, அவனே குடுத்ததும்மா. நீயாவது பாருன்னு…"

"பாத்தீகளா?"

"பாதி பாத்தேன்."

"போதும். கொன்னுருங்க. இப்பமே. நான் வைக்கல, லைன்லயே இருக்கேன்."

நிலோஃபர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிளீச் பாட்டிலை எடுத்து மேடையில் வைத்தாள், மூடியைத் திறந்தாள், "நான் பண்ணவா?" என்றாள் மெதுவாக. ஆவுடை தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். மேளம் தேய்ந்து தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டு அன்று அவள் அங்கே நின்றாள். கொள்ளி வைத்ததை அவள் பார்க்கவில்லை, மாரிச்செல்வி பார்க்கவில்லை, திரும்பி வந்த ஆண்கள் சொல்லித்தான் தெரியும். இப்போது அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்தாள். கையுறை மாட்டவில்லை, அதைப் பற்றி நிலோஃபரும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டின் மூடியை எடுத்தாள். ரோஜா நிறத் திரவம் லேசாக ஆடியது. கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது, வெறும் நிறத் தண்ணீர். ஊற்றினாள். கொஞ்சம் என்று நினைத்து ஊற்றினாள், நிறைய விழுந்துவிட்டது. நெடி மூக்கில் ஏறியது. ரோஜா நிறம் ஊற்றிய இடத்திலிருந்து வெளுத்துக்கொண்டே போய், ஓரத்தில் ஒரு வளையமாக நின்று, அதுவும் போய்விட்டது. வலிக்கலக்கா, வலிக்கல. வலிக்காது என்று அவளுக்குத் தெரியும், செல்லுக்கு வலி கிடையாது, அதைப் பாடமே நடத்தியிருக்கிறாள். தட்டில் தெளிந்த தண்ணீர் மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. போனிலிருந்து குரல் வந்தது.

"ஆச்சா மதினி?"

"ஆச்சு."

அப்போதுதான் மாரிச்செல்வி அழுதாள். ஒப்பாரி இல்லை, சொல் இல்லை, இழுத்து இழுத்து வருகிற வெறும் சத்தம். சின்ன ஸ்பீக்கர் அதைத் தாங்க முடியாமல் கரகரத்தது. நிலோஃபர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆவுடை மேடையின் விளிம்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்தச் சத்தம் மெல்லத் தணிந்து, மூக்கை உறிஞ்சுவது கேட்டு, பிறகு வீட்டுப் பொறுப்பு எல்லாவற்றையும் பார்க்கிறவளின் பழைய குரல் திரும்பி வந்தது.

"எடுத்தாச்சுல்லா. அப்படியே நிக்காதீங்க மதினி. தலைக்குத் தண்ணி ஊத்திட்டுப் போயி ஒரு வாய் சாப்பிடுங்க."

"இங்கயா?"

"எங்கன இருந்தா என்ன? ஊத்துங்க."

கை கழுவும் தொட்டி மூலையில் இருந்தது. ஆவுடை கொண்டை ஊசியை எடுத்து மேடையில் வைத்தாள், குனிந்தாள், தலையைக் குழாய்க்கு அடியில் கொடுத்தாள். திருகை எட்டிப் பிடிக்க முடியவில்லை. நிலோஃபர் வந்து திறந்துவிட்டாள், ஒரு கையால் அவள் முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் உச்சியில் விழுந்து, காதோரமாக இறங்கி, கழுத்துக்குள் போய், ரவிக்கையை நனைத்துக்கொண்டு முதுகில் ஓடியது. அடித்தளத்துக் குழாய்த் தண்ணீர், வெயில் படாதது. சில்லென்று இருந்தது. அவளுக்குச் சில்லென்று இருந்தது.